டிரைவர் சீட்டு

கரி எஞ்சின்ல ஏறிப் பார்க்கணும்னா தாராளமா ஏறிப் பாருங்க தம்பி. செருப்பெல்லாம் கழட்ட வேணாம். போன வாரம் பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, கோயிலுக்கு வந்த மாதிரி செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டு, கண்ல ஒத்திக்கிட்டு ஏறினாரு. உள்ள பூனை குட்டி போட்டு வச்சிருந்த இடத்துல காலை வச்சிட்டு அப்படியே இறங்கி வந்தாரு. நல்லா வேணும். இரும்புக்கு எதுக்கு அவ்வளவு மரியாதை?

எல்லாரும் வர்றீங்க. சக்கரத்தைத் தடவிக் கொடுக்கறீங்க, கன்னுக்குட்டியத் தடவற மாதிரி. இப்பல்லாம் கல்யாண ஜோடிங்க வேற வருது. பொண்ணு பட்டுப்பொடவையோட முன்னாடி நிக்குது, பையன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு டிரைவர் சீட்டுல சாஞ்சுக்கறான். வெறும் போட்டோவுக்கு. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க, முழிப்பான். இதோ வரிசையா நிக்குதே, எல்லாம் செத்துப்போன எஞ்சினுங்க. மழை பெய்ஞ்சா கூரை ஒழுகுது. வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்டரை அனுப்பறாங்க, துருவைச் சுரண்டறதுகூடக் கிடையாது, அது மேலேயே கறுப்பை அடிச்சிட்டுப் போயிடறான். கெழவனுக்கு மீசையில மை தடவி மாப்பிள்ளைன்னு உக்கார வைக்கறாங்க. இதுக்குப் பேரு பாரம்பரியமாம்.

ஷெட்டு சாவி என்கிட்டதான் இருக்கு. ரிட்டயர் ஆனப்புறமும் என்னையே வச்சிக்கிட்டாங்க, வேற எவனும் இங்க உக்காரத் தயாரா இல்ல. நீங்க வந்ததும் ஒரு கேள்வி கேட்டீங்க, 'ஐயா இந்த எஞ்சினுக்கு டிரைவரா இருந்தவரா'ன்னு. நான் பதில் சொல்லல, கவனிச்சீங்களா? அதுக்கு ஒரு வார்த்தையில பதில் கிடையாது. உங்களுக்கு வண்டி சாயங்காலம்தான? அப்ப அந்தப் பெஞ்சுல உக்காருங்க. துடைச்சிட்டு உக்காருங்க, புறா எச்சம்.

நான் ஃபயர்மேன். பேரு வரதப்பன். ஃபயர்மேன்னா கரி அள்ளிப் போடறவன், அவ்வளவுதான்னு நினைப்பீங்க. நினைச்சுக்குங்க, உலகமே அப்படித்தான் நினைக்குது. கரிய அள்ளி வீசறதுக்கு ஆளே வேணாம், மாடு போதும். தீ போடறதுன்னா, எங்க வெளுத்திருக்கோ அங்க மெல்லிசா ஒரு வாய், மூலைக்கு ஒரு வாய், கதவுக்குக் கீழ ஒரு வாய், போட்டதும் கதவைச் சாத்தணும். புகைபோக்கியப் பார்த்தாத் தெரிஞ்சிடும் உள்ள இருக்கறது மனுஷனா மாடான்னு. லேசாச் சாம்பல் நிறத்துல வந்தா மனுஷன். கன்னங்கரேல்னு வந்தா மாடு. என் எஞ்சின் ஒரு நாளும் கறுத்ததில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல. பெருமைப்படறதுக்கு இது என்ன பெரிய உத்தியோகமா?

என் டிரைவர் பேரு தைரியநாதன். வேளாங்கண்ணிப் பக்கத்து ஆளு. நல்ல உசரம், நல்ல திமிரு. எஞ்சின்ல ஏறினா ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டுவாரு, ஊரு வந்து சேர்ற வரைக்கும் உள்ள இழுக்க மாட்டாரு. நான் இந்தப் பக்கம் வெந்து சாகறேன். ஸ்டீம் அழுத்தம் காட்டற முள்ளு கோட்டுல நிக்குதா இல்லையான்னு அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு. மத்த டிரைவருங்க அடிக்கொரு தரம் முள்ளைப் பார்ப்பாங்க, ஃபயர்மேனை அதட்டுவாங்க, 'போடுடா போடுடா'ம்பாங்க. இந்த ஆளு அதுவும் இல்ல. நான்னு ஒருத்தன் அங்க இருக்கறதாகவே கணக்குல எடுத்துக்கல. வருஷக்கணக்கா ஒரே எஞ்சின்ல ஒண்ணாப் போயிருக்கோம் தம்பி, ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நல்லாப் போட்டேடா'ன்னு வாய் தொறந்ததில்ல. அவ்வளவு அலட்சியம்.

அதுகூடப் போகட்டும். என் பிரமோஷனுக்கு நேரம் வந்துச்சு. டிரைவராகப் போறதுக்கு முன்னாடி, கூட ஓடற டிரைவர்கிட்ட ஆள் எப்படின்னு கேப்பாங்க. இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு வந்தாரு. நான் எஞ்சினுக்கு அடியில சாம்பல் தள்ளிக்கிட்டிருந்தேன், மேல பேசறது காதுல விழுந்துச்சு. "வரதப்பனை இப்ப அனுப்பாதீங்க சார். அவனை விட்டா எனக்கு வேற ஆளு கிடையாது"ன்னாரு. கேட்டீங்களா? எனக்கு ஆளு கிடையாதாம். நான் இவர் வீட்டுப் பண்ணையாளு பாருங்க. எனக்குப் பின்னாடி சேர்ந்தவனெல்லாம் மேல போனான். நான் சாம்பல் தள்ளிக்கிட்டிருந்தேன்.

நேர்ல கேக்கலையான்னா? நான் எதுக்குக் கேக்கணும்? மனுஷனுக்குத் தானாத் தெரியணும்.

அப்புறம் கரி எஞ்சினையே நிறுத்திட்டாங்க. டிரைவருங்க எல்லாம் டீசல், எலக்ட்ரிக்னு போயிட்டாங்க. தைரியநாதன் மெயில் வண்டி ஓட்டற அளவுக்குப் போனாரு. எங்களையும் டீசலுக்கு அனுப்பறோம்னாங்க, கண்ணைப் பரிசோதனை பண்ணாங்க. ஒரு டாக்டரு, நேத்துதான் பால் பல்லு விழுந்த மாதிரி முகம், கலர் கலரா புள்ளி வச்ச ஒரு புஸ்தகத்தை நீட்டி என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டான். புள்ளிதான் தெரியுதுன்னேன். பெயில்னான். காலமெல்லாம் தீயையே பார்த்த கண்ணு, புள்ளியப் பார்க்கலைன்னா குத்தமா? என்னை ஷெட்டுலயே போட்டாங்க. செத்த எஞ்சினுக்குக் காவல். அன்னிலேர்ந்து இங்கதான்.

இதுல என் வீட்டுக்காரி ஒரு வேலை பண்ணிட்டா. கன்னியம்மான்னு பேரு. நல்லவதான், வாய்தான் சும்மா இருக்காது. ரயில்வே காலனிய விட்டு வெளிய யாரு கேட்டாலும், "எங்க வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவரு"ம்பா. நானும் மறுத்ததில்ல. எதுக்கு வீணா அவளை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கணும்? அது அப்படியே வளர்ந்து பொண்ணு பூங்கொடி கல்யாணப் பத்திரிகையில போய் நின்னுச்சு. 'ரயில்வே டிரைவர், ஓய்வு'ன்னு அச்சடிச்சிட்டா. சம்பந்தி வேதகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கூட்டுறவு சொசைட்டியில செயலாளரா இருந்தவரு. எதைச் சொன்னாலும் கணக்கு சரியா இருக்கான்னு பார்க்கற ஆளு. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே என்கிட்ட, "எந்தெந்த ரூட்டுல ஓட்டினீங்க?"ன்னு கேட்டாரு. நான் ஓடின ரூட்டையெல்லாம் சொன்னேன். ஓடினேனா இல்லையா? சீட்டு மட்டும்தான் வேற.

கல்யாணம் முடிஞ்சு மறு வருஷம். ஷெட்டுக்கு வயசு நூறு ஆச்சுன்னு விழா எடுத்தாங்க. ஒரு எஞ்சினுக்கு உயிர் கொடுத்து ஷெட்டுலேர்ந்து பிளாட்பாரம் வரைக்கும் ஓட்டிக் காட்டணுமாம். சின்ன வயசு ஆபீசர் ஒருத்தர் இதுக்குன்னு வந்தாரு. வெள்ளைச் சட்டை, வாய் நிறைய பாரம்பரியம். ஒர்க் ஷாப் ஆளுங்க வந்து, அதோ மூணாவதா நிக்குதே, அதோட பாய்லரைச் சரி பண்ணாங்க. நம்ம எஞ்சின்தான் அது. இதை ஓட்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்கன்னு ஆபீசர் கேட்டாரு. எல்லாரும் தைரியநாதன் பேரைச் சொன்னாங்க.

நான்தான் ஆபீசரைத் தனியாக் கூப்பிட்டு, அந்த ஆளுக்குக் கண்ணு போயிடுச்சு சார்னேன். உண்மைதான், கண்ல தண்ணி அழுத்தமாம், எதிர்ல வர்றது ஆளா கம்பமான்னு தெரியாது. இது கோள் சொல்றதில்ல தம்பி, பாதுகாப்பு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா? என்ன சிரிக்கறீங்க? என் கண்ணா? எனக்குக் கலர் புள்ளி தெரியாது, அவ்வளவுதான். அது வேற, இது வேற. அதுவும் இல்லாம, அந்தக் காலத்துல அவர் சாப்பிடற நேரம் பூரா ஸ்டீமைத் தொறந்துவிடற ரெகுலேட்டரைப் புடிச்சு ஓட்டினது யாரு? நான்தான். ஆபீசர் யோசிச்சாரு, கூடவே ஏறி சிக்னலை நான் பார்த்துக்கறேன், நீங்க ஓட்டுங்கன்னாரு.

வீட்ல சொன்னேன். கன்னியம்மா அன்னிக்கே போன் போட்டு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிட்டா. "அண்ணே, கண்டிப்பா வந்துடுங்க. உங்க சம்பந்தி எஞ்சின் ஓட்டறதப் பார்க்கணும்." வேதகிரி குடும்பத்தோட வர்றேன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறீங்க? இத்தனை நாளா பொய்யா இருந்தது ஒரு நாளைக்கு நிஜமாகப் போவுது. அந்த ஒரு நாள் போதும், அதுக்கப்புறம் எவன் என்ன கேட்டாலும் என் பொண்ணு நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

விழா அன்னிக்குக் காலைல ஏறினேன். டிரைவர் சீட்டுல உக்காந்தேன். எனக்கு ஃபயர்மேனா ஒருத்தனைக் கொடுத்திருந்தாங்க, கவியரசன்னு, டீசல்ல அசிஸ்டென்ட். கையுறை போட்டுக்கிட்டு வந்து நிக்கறான் தம்பி. கரி அள்ள வெள்ளைக் கையுறை. சொல்லிக் கொடுத்தேன், மெல்லிசாப் போடு, மூலைக்குப் போடுன்னு. "சரிங்க சார், சரிங்க சார்"னான். இந்தக் காலத்துப் பசங்க வாயில சரிங்க சார் மட்டும் நல்லா வருது.

புறப்படப் போற நேரத்துல ஆபீசர் தைரியநாதனைக் கையைப் புடிச்சு ஏத்திக்கிட்டு வர்றாரு. பெரியவருக்கு மரியாதையாம், சும்மா கூட வரட்டுமாம். அந்த ஆளு கம்பியத் தடவித் தடவி ஏறி ஒரு ஓரமா நின்னுக்கிட்டாரு. "யாரு, வரதாவா ஓட்டறான்?"னு கேட்டாரு. "ஆமா சார்"னேன். "ம்"முன்னாரு. அந்த 'ம்'முக்குள்ள எவ்வளவு ஏளனம் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, கேட்டவனுக்குத்தான் தெரியும்.

விசில் கொடுத்தேன். ரெகுலேட்டரை இழுத்தேன். அசைஞ்சுது. பொய் சொல்வானேன், சந்தோஷமா இருந்துச்சு தம்பி. காலனி ஜனம் பூரா ரெண்டு பக்கமும் நின்னு கை ஆட்டுது. நான் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டினேன், உள்ள இழுக்கவே இல்ல.

ஷெட்டைத் தாண்டினா ஒரு மேடு. அதை ஏறித்தான் பிளாட்பாரத்துக்குப் போகணும். மேடு ஆரம்பிக்கறப்பவே தலைக்கு மேல நிழல் மாதிரி வந்துச்சு. பார்த்தா புகை. கன்னங்கரேல்னு. என் எஞ்சின்லேர்ந்து. திரும்பிப் பார்த்தேன், அந்தக் கவியரசன் கதவை அகலத் தொறந்து வச்சிக்கிட்டு, லாரியிலேர்ந்து மணல் தள்ளற மாதிரி தள்ளிக்கிட்டிருக்கான். எல்லாம் வாசல்லயே குவிஞ்சு கிடக்கு. உள்ள தீ செத்துக்கிட்டிருக்கு. முள்ளு இறங்குது. "மூலைக்குப் போடுடா"ன்னு கத்தினேன். "சரிங்க சார்"னு சொல்லிட்டு மறுபடி அங்கேயே போடறான். ஆபீசர் என்னடான்னா சட்டையில கரி படாம எப்படி நிக்கறதுன்னு பார்த்துக்கிட்டிருக்காரு. மேட்டுல நின்னுட்டா, பின்னாடி தயாரா நிக்கற டீசல் வந்து முட்டித் தள்ளிக்கிட்டுப் போவும். வேதகிரி முன்னாடி.

"சத்தம் தணியுதே வரதா"ன்னாரு தைரியநாதன். அவ்வளவுதான் சொன்னாரு.

நான் எழுந்தேன். சீட்டை யாருக்கும் கொடுக்கல, அதைத் தெளிவாச் சொல்லிடறேன். எழுந்தேன், அவ்வளவுதான். அவன் கையிலேர்ந்து ஷவலைப் புடுங்கினேன். நீளக் கம்பிய விட்டுக் குவியலைக் கலைச்சேன், பரப்பினேன். மூலைக்கு ஒரு வாய், கதவுக்குக் கீழ ஒரு வாய். சாத்தினேன். தொறந்தேன், வெளுத்த இடம் பார்த்துப் போட்டேன், சாத்தினேன். முள்ளு நின்னுச்சு. அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சுது. புகை சாம்பலாச்சு. அப்பத்தான் ரெகுலேட்டர் ஞாபகம் வந்துச்சு. திரும்பறேன், தைரியநாதன் சீட்டுல உக்காந்திருக்காரு. எதிர்ல ஆள் நின்னா தெரியாத மனுஷன், கை மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு. ஆபீசர் பக்கத்துல நின்னு "கிரீன் சார், கிரீன்"னு சொல்லிக்கிட்டிருக்காரு.

அப்பவே எழுந்துருங்க சார்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேன். ஆனா தீயை யார்கிட்ட விடறது? அந்த மாட்டுகிட்டயா? இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு பிளாட்பாரமே வந்துடுச்சு.

பேண்டு வாசிக்கறாங்க. ஜன்னல்ல தெரியற தைரியநாதனுக்கு மாலை போடறாங்க. நான் குனிஞ்சு கிடக்கறேன், ஜனத்துக்கு என் முதுகுதான் தெரியுது. இறங்கினேன். மூஞ்சியெல்லாம் கரி. எதிர்ல கன்னியம்மா, பூங்கொடி, வேதகிரி, அவர் சம்சாரம், சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேரு.

"என்ன சம்பந்தி, நீங்க ஓட்டறதா சொன்னாங்க. நீங்க அங்க கரி வாரிப் போட்டுக்கிட்டிருந்தீங்க. ஜன்னல்ல வேற ஒருத்தர் இல்ல இருந்தாரு?"ன்னு வேதகிரி ஆரம்பிச்சாரு. சொசைட்டி ஆளு பாருங்க, உடனே கணக்குக் கேக்கறாரு. கன்னியம்மா, "அது வந்து அண்ணே..."ன்னு இழுக்கறா.

அப்ப பின்னாடி தைரியநாதன் கம்பியப் புடிச்சு இறங்கி வந்தாரு. எல்லாம் காதுல விழுந்திருக்கு. மாலையைக் கழட்டினாரு. தடவிப் பார்த்து என் கழுத்துல போட்டாரு. வேதகிரி நிக்கற திசையப் பார்த்து, "டிரைவர் இவர்தாங்க. எனக்குக் கண்ணே தெரியாது, நான் எங்க ஓட்டறது? கெழவனாச்சேன்னு ஜன்னலோரம் உக்கார வச்சாங்க. டிரைவர்னா வரதப்பன்தான்"னாரு.

வேதகிரி முகம் மாறினதப் பார்க்கணுமே. அப்படியே கை கூப்பினாரு. பூங்கொடி சிரிக்குது. நான் அப்படியே நின்னிருக்கணும். நின்னேன். ஆனா வேதகிரி விடல, "அப்ப அந்தக் கரி?"ன்னு கேட்டாரு. "அது இந்தத் தம்பி வேலைங்க"ன்னு தைரியநாதன், பின்னாடியே இறங்கின கவியரசன் காலடி கேட்ட பக்கம் கையக் காட்டினாரு. "வரதப்பன் எழுந்து சும்மா ஒரு கை கொடுத்தாரு. மத்தபடி தீ பூராவும் அந்தத் தம்பி போட்டது. மேட்டுல எப்படி ஏறுச்சு பார்த்தீங்கல்ல? நல்ல கை."

நல்ல கை. அந்த ஆளு வாயிலேர்ந்து. அந்த மாட்டுக்கு.

அந்தப் பையன் என்ன பண்றான் தெரியுமா? கையுறையைக் கழட்டிக்கிட்டே, பெரிய இவனாட்டம் தலைய ஆட்டறான். வேதகிரி அவன் முதுகைத் தட்டிக் கொடுக்கறாரு. என்னால முடியல தம்பி. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்தேன், முடியல.

"யாரு, இவனா?"ன்னேன். "இவன் போட்டது வாசல்ல குவிஞ்சு கிடந்துச்சு. இவனை விட்டிருந்தா எஞ்சின் மேட்டுலயே படுத்திருக்கும். அந்தத் தீ என் தீ. இந்த ஷெட்டுல என்னை மாதிரித் தீ போட்டவன் ஒருத்தனும் கிடையாது. நான் ஃபயர்மேன். டிரைவர் இவரு. நான் ஒரு நாள்கூட டிரைவரா இருந்ததில்ல."

பேண்டுக்காரங்க வேற சரியா அப்பத்தான் நிறுத்தியிருந்தாங்க. கன்னியம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா. வேதகிரி என் கழுத்துல கிடந்த மாலையப் பார்த்தாரு, மூஞ்சிக் கரியப் பார்த்தாரு, "சரிங்க, வண்டிக்கு நேரமாச்சு"ன்னு போயிட்டாரு. இன்னிக்கும் அந்த வீட்ல குழம்புல உப்பு கூடினா, "டிரைவர் வீட்டுப் பொண்ணாச்சே"ன்னு பேச்சு வருதாம். பூங்கொடி போன்ல சொல்லி அழுவுது. கன்னியம்மா என்கிட்ட ரயிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல.

தைரியநாதன் அன்னிக்கு, "ஏன்டா வரதா"ன்னு மட்டும் கேட்டாரு. ஜனமெல்லாம் போனப்புறம் பக்கத்துல வந்து, மேட்டுல முள்ளு எங்க நின்னுச்சுன்னு விசாரிச்சாரு. கோட்டுலதான்னேன். "தெரியும். உன் முள்ளு என்னிக்குக் கோட்டை விட்டு இறங்கிச்சு? அதுக்குத்தான் நான் பார்க்கறதே இல்ல"ன்னாரு. திமிரைப் பாருங்க. தெரிஞ்சவரு எதுக்குக் கேக்கணும்?

எல்லாரும் என்கிட்ட, பாவம் அந்தப் பெரியவர் உனக்கு நல்லதுதான பண்ணாருங்கறாங்க. என்ன நல்லது? காலமெல்லாம் என்னை டிரைவர்னு ஒரு வாய் சொல்லாத ஆளு, சொன்னது ஒரே ஒரு நாளு. அதையும் இல்லேன்னு என் வாயாலயே சொல்ல வச்சாரு. நான் அந்த ஆளை மன்னிக்கவே மாட்டேன் தம்பி.